மார்த்தா வெட்டிய இரண்டு வரிகள்

வக்கீல் துரை சீமைக்குத் திரும்பியபோது மார்த்தாவுக்கு வேலை போயிற்று. பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் அந்த ஆபீசை வாங்கிய புது வக்கீல் சிங்கப்பூரிலிருந்து தன்னோடு ஒரு குமாஸ்தாவை அழைத்து வந்திருந்தார். துரை போகிறபோது பழைய டைப்ரைட்டரை மார்த்தாவுக்கு மலிவாகக் கொடுத்தார். மலிவானாலும் அவளிடம் இருந்ததெல்லாம் அதற்கே போய்விட்டது. இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம்.

அவள் அப்பா அந்தோணிராஜ் நார்தம் ரோட்டு பங்களா ஒன்றில் சமையல்காரராக இருந்தவர். அந்த வீட்டுத் துரைசானி சொல்லித்தான் மார்த்தாவுக்குக் கான்வென்டில் இடம் கிடைத்தது. அப்பா இறந்தார். தம்பி பெர்னார்ட் ரயில்வேயில் சேர்ந்து ஈப்போவுக்குப் போனான். மார்த்தாவும் அம்மா அமலம்மாளும் பினாங்கு ரோட்டுத் தமிழ்க் கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். மார்த்தாவுக்கு இரண்டு தடவை கல்யாணப் பேச்சு வந்தது. இரண்டு தடவையும் மாப்பிள்ளை வீட்டார் ஆபீஸ் வேலையை விடச் சொன்னார்கள். அவள் மாப்பிள்ளைகளை விட்டாள்.

இப்போது வேலை அவளை விட்டுவிட்டது. பெர்னார்ட் கடிதம் போட்டான். அவன் மனைவிக்கு மறுபடியும் பிரசவம் வருகிறது, அக்கா இங்கேயே வந்து இருந்துவிடலாம், அம்மாவையும் அழைத்து வரலாம்.

"போவோமே. சோறு போடுவான். பிள்ளைங்களப் பாத்துக்கிட்டா ஆச்சு" என்றாள் அமலம்மாள்.

"ஆயாவுக்குச் சம்பளம் உண்டும்மா."

"இந்த வாய்க்குத்தான் உனக்கு வீடு அமையல."

மார்த்தா ஈப்போவுக்குப் போகவில்லை. ஓர் அச்சகத்தில் சின்ன அட்டைகள் அடித்து வாங்கினாள். வியாபாரக் கடிதங்கள் ஆங்கிலத்தில் எழுதித் தரப்படும், எழுதியவை திருத்தித் தரப்படும், எம். அந்தோணி. கீழே விலாசம். மருந்துக்கடையில் ஒன்று, தையற்கடையில் ஒன்று, பெட்டிக்கடைகளில் சில என்று தொங்கவிட்டாள்.

முதலில் வந்தவர் ஒரு சீனப் பல் வைத்தியர். விளம்பரத் தாள் ஒன்று வேண்டும் என்றார். பிறகு சலவைக் கடைக்காரர் ஒருவர், ஹோட்டலுக்கு எழுத. வருகிறவர்கள் எல்லாம் ஒரு தடவை வந்தார்கள். அதற்கு மேல் அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மாதம் முழுக்க எழுத விஷயம் இருக்கிற ஒரு வியாபாரி கிடைத்தால் போதும், ஈப்போ பேச்சு நின்றுவிடும் என்று மார்த்தா நினைத்தாள்.

ஷேக் அலாவுதீன் ஒரு சாயங்காலம் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். கிங் ஸ்ட்ரீட்டில் அவருக்கு அரிசி மண்டி. வெள்ளைச் சட்டை, கட்டம்போட்ட கைலி, கறுப்புத் தொப்பி. கையில் மடித்த காகிதங்கள்.

"எம். அந்தோணி இருக்காரா?"

"நான்தாங்க."

"உங்க வீட்டுக்காரரக் கேக்குறேன்."

"அப்படி யாரும் இல்லிங்க. எழுதுறது நான்தான்."

அவர் ரிக்‌ஷாவைத் திரும்பிப் பார்த்தார். ரிக்‌ஷாக்காரன் வேறு சவாரி பிடித்துப் போயிருந்தான். வேறு வழியில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

கப்பல் கம்பெனிக்கு எழுத வேண்டிய கடிதம். அவருடைய மருமகன் தமிழில் எழுதிப் பார்த்திருந்தான். இரண்டு பக்கம். மானேஜரின் சுகத்தில் தொடங்கியிருந்தது. அவருடைய மனைவி மக்களின் சுகம், கம்பெனியின் பெருமை, இந்த வருஷத்துக் கடலின் கொந்தளிப்பு, ஆண்டவன் கருணை. அடியில், கையெழுத்துக்குச் சற்று மேலே, கப்பலில் நனைந்துபோன அரிசி மூட்டைகள்.

மார்த்தா பென்சிலை எடுத்துக் கோடு கிழித்துக்கொண்டே போனாள். வக்கீல் துரையின் நீலப் பென்சில் போகிற வேகத்தை வருஷக்கணக்கில் பார்த்திருந்தாள். எதை எடுத்தாலும் கடிதம் நிற்குமோ அதை எடுத்துவிட வேண்டும். மூட்டைகள் மேலே வந்தன. நனைந்தது எந்தக் கப்பலில், எந்தத் தேதியில், என்ன வேண்டும். ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொடுத்தாள்.

அலாவுதீன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு பக்கம் கொடுத்தேன். பாதித் தாளு கூட வரலியே. மிச்சத்த நீ வச்சிக்கிட்டியா?"

"மிச்சம் அவங்களுக்கு வேண்டாங்க."

"எனக்கு வேணும்லா."

ஆனாலும் கையெழுத்துப் போட்டார். கப்பல் கம்பெனி உடனே பதில் எழுதியது. நனைந்த மூட்டைகளுக்கு ஈடு கொடுத்தார்கள். அந்தக் கம்பெனி அவருக்கு அதுவரை எதற்கும் பதில் எழுதியதில்லை.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை.

"வாரத்துல ரெண்டு மத்தியானம் வா. மாசச் சம்பளமா வச்சிக்கலாம். கடையில பொம்பள உக்காந்தா பசார்ல சிரிப்பான். மாடியில வீடு. என் வீட்டுக்காரி இருப்பா. அவ பக்கத்துல உக்காந்து எழுது."

மார்த்தா ஈப்போவுக்கு ஒரு பதில் எழுதினாள். அதிகம் எழுதவில்லை. வேலை கிடைத்திருக்கிறது, வர முடியாது.

அந்த மாடியில் காலுக்குக் கீழே அரிசி வாசனை எப்போதும் இருந்தது. அலாவுதீனின் மனைவி காமாரியா அச்சே ஸ்ட்ரீட் பெண். தமிழ் முஸ்லிமும் மலாய்க்காரரும் கலந்த ஜாவிப் பெக்கான் குடும்பம். தமிழை மலாயில் தோய்த்துப் பேசுவாள், புருஷனை அபாங் என்பாள். அலாவுதீன் நடந்துகொண்டே பேசுவார். காமாரியா வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருப்பாள். மார்த்தா அவர் பேசுவதை எல்லாம் கேட்டுவிட்டுத் தேவையானதை மட்டும் அடிப்பாள்.

"அவர் அரை மணி பேசினா, உன் மிஷின் இருமுற நேரந்தான் சத்தம் போடுது" என்பாள் காமாரியா. "தங்கச்சி, இவரு என்கிட்டப் பேசுறதையும் இப்படிக் கொஞ்சம் வெட்டிக் கொடேன்."

"ஒன் வாயத்தான் முதல்ல வெட்டணும்" என்பார் அலாவுதீன்.

முதலில் எல்லாம் ஒவ்வொரு கடிதத்தையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னார். எதை வெட்டினாய் என்று கேட்பார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். கடிதங்கள் வேலை செய்தன. பாங்கிலிருந்து பதில் வந்தது. துறைமுக ஆபீசிலிருந்து பதில் வந்தது. மார்த்தா சொல்லி, தலைப்பு அச்சிட்ட தாள்கள் வந்தன. ஷேக் அலாவுதீன் அண்ட் கம்பெனி, அரிசி வியாபாரம், கிங் ஸ்ட்ரீட், பினாங்கு. அந்தத் தாளை அவர் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினார்.

மண்டிக்கு அரிசி ரங்கூனிலிருந்து வந்தது. அங்கே ஹாஜி இஸ்மாயில்ஜி என்ற சூரத்துக்காரருக்கு ஆலை இருந்தது. அலாவுதீனின் தகப்பனார் ஷேக் மொய்தீன் காலத்திலிருந்து அந்த ஆலையோடுதான் வியாபாரம். கடிதங்களை ஒரு முன்ஷி இந்துஸ்தானியில் எழுதுவார். மொய்தீன் இறந்த பிறகும் அவர்தான் எழுதினார். போன வருஷம் முன்ஷி கண் மங்கி நாகூருக்குத் திரும்பிவிட்டார். ரங்கூனிலும் இஸ்மாயில்ஜியின் மகன் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்திருந்தான். இனிமேல் ஆங்கிலத்தில் எழுதவும் என்று எல்லாருக்கும் அறிவித்துவிட்டான்.

தை பிறக்கிறபோது புது அரிசி வரும். ஆலையிலிருந்து கிளம்பும் முதல் கப்பலில் யாருக்கு ஏற்றுவது என்பது கிழவர் இஸ்மாயில்ஜி கையில். பழைய வீடுகளுக்கு முதல் கப்பல். மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். முதல் கப்பல் அரிசி அலாவுதீன் மண்டிக்கு வரும் என்று நம்பித்தான் அக்கரையில் புக்கிட் தெங்கா, பிறை பக்கத்துத் தோட்டக் கடைக்காரர்கள் வேறு யாரிடமும் போகாமல் காத்திருந்தார்கள். அந்த அரிசி வராவிட்டால் அவர்கள் சீன மொத்த வியாபாரிகளான தவுக்கைகளிடம் போய்விடுவார்கள். ஒரு தடவை போனவர்கள் திரும்பி வருவது கஷ்டம்.

அலாவுதீன் ரங்கூன் கடிதத்தைச் சொன்னபோது, அவருக்கே தெரியாமல் குரல் மாறியது. முன்ஷிக்குச் சொல்கிற மாதிரி நின்றுகொண்டு சொன்னார்.

"நாகூர் மர்ஹூம் ஷேக் மொய்தீன் மகன் ஷேக் அலாவுதீன், ரங்கூன் ஹாஜி இஸ்மாயில்ஜி சாஹிபுக்கு சலாம் சொல்லி எழுதுறது. நீங்களும் என் வாப்பாவும் ஒரே சஹன்ல சாப்பிட்டவங்க..."

மர்ஹூம் என்றால் காலமானவர். சஹன் என்பது பெரிய தட்டு. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அதற்குப் பிறகு கிழவரின் உடம்பு, அவருடைய தம்பியின் ஹஜ் பயணம், ரங்கூன் மழை, பினாங்கு மழை, கடைசியில் அரிசி.

மார்த்தா தலைப்பு அச்சிட்ட தாளை மிஷினில் செருகினாள். பெயரும் ஊரும் மேலேயே இருந்தன. அதனால் முதல் வரி போயிற்று. ஆலைக்காரருக்குத் தெரிந்த விஷயத்தை அவருக்கே சொல்வதால் இரண்டாவது வரி போயிற்று. மழைகள் போயின. எத்தனை மூட்டை, என்ன ரகம், எந்தக் கப்பல். நல்ல கடிதம். அலாவுதீன் கையெழுத்துப் போட்டார்.

பதில் வந்த அன்று அவர் அதைப் பிரித்துத் தலைகீழாகப் பார்த்துவிட்டு மார்த்தாவிடம் நீட்டினார். அவள் ஒரு தடவை மனதுக்குள் படித்தாள்.

"என்னவாம்? ஏத்திட்டானா?"

"உங்க கடிதம் கிடைச்சது. புது ஆட்களோட ஆர்டரை எல்லாம் வரிசைப்படிதான் எடுத்துக்குவோம். பழைய வாடிக்கைக்காரங்களுக்குக் கொடுத்த பிறகு பார்க்கலாம்." மார்த்தா அடுத்த வரிக்குப் போனாள். "எங்க முதலாளி ஒண்ணு தெரிஞ்சிக்க விரும்புறார். பினாங்குல மறைந்த ஷேக் மொய்தீன் என்பவரோட எங்களுக்கு வியாபாரம் இருந்தது. உங்க கம்பெனிக்கு அவரோட ஏதாவது சம்பந்தம் உண்டா?"

அலாவுதீன் நடையை நிறுத்தினார்.

"என்ன கேக்குறான்?"

"ஷேக் மொய்தீனுக்கு நீங்க உறவான்னு."

"நான் என் வாப்பாவுக்கு உறவான்னு! காமாரியா, கேட்டியா?"

"எழுதுங்க அபாங்" என்றாள் காமாரியா. "ஆமா, கொஞ்சம் தூரத்து உறவுன்னு எழுதுங்க."

அவர் சிரிக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது. "கிழவனுக்குப் புத்தி மாறிடுச்சு. இல்ல, மகன் மாத்திட்டான். இல்லாட்டி இங்கேர்ந்து எவனோ என்னைப் பத்தி ஓதியிருக்கான். வாப்பா மௌத்தானப்ப இதே மனுஷன் ரங்கூன்ல யாசீன் ஓத வச்சாரு. இப்ப என்னை யாருன்னு கேக்குறாரு. எழுதும்மா. உங்க அரிசி உங்ககிட்டயே இருக்கட்டும். இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் இன்னையோட தீந்துச்சு. அத மட்டும் எழுது. நீட்டாதே. உன் இஷ்டப்படியே சின்னதா எழுது."

அது நல்ல கடிதமாகத்தான் வந்திருக்கும். மார்த்தாவுக்கு அதன் வார்த்தைகள்கூடத் தெரிந்தன. ஆனால் விரல்கள் எழுத்துகளின் மேல் அப்படியே நின்றன. கிழவர் எதைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பல வருஷமாக அந்தக் கிழவர் கேட்டுக்கொண்டிருந்தது எத்தனை மூட்டை என்பதை அல்ல. யாருடைய மகன் என்பதை. அந்த வரி வந்தால் ஏற்று என்பார். அது வராமல், அச்சடித்த தாளில், ஆபீஸ் ஆங்கிலத்தில் வந்தவன் வேறு யாரோ.

அலாவுதீனுக்கு இது தெரியாது. அவர் வாயால் சொன்னார், ஆகவே அது கடிதத்தில் போயிருக்கிறது என்று இருந்தார். இந்த வீட்டில் ஆங்கிலம் படிக்கிறவள் அவள் ஒருத்திதான். அவர் சொன்னதை அடித்துக் கொடுத்துவிட்டால் வேறு ஆலைக்காரர் எவரையாவது தேடுவார். அந்த ஆலைக்காரருக்கும் அவள்தான் எழுத வேண்டும்.

"முதலாளி" என்றாள். "அவர் புத்தி மாறல. நீங்க சொன்ன முதல் வரிய நான் எழுதல. ரெண்டாவதையும் எழுதல."

"எது?"

"ஷேக் மொய்தீன் மகன்னு சொன்னீங்களே, அது. அப்புறம் சஹன்."

அவர் மிஷினுக்கு நேரே வந்து நின்றார்.

"என் வாப்பாவையா வெட்டிட்டே நீ?"

காமாரியா பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள்.

"தலைப்புல பேரு இருந்துச்சு. தேவையில்லன்னு நினைச்சேன்."

"யாருக்குத் தேவையில்ல?"

அலாவுதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மாடிப்படி இறங்கிப் போனார். கீழே கடையில் யாரோ எதையோ கேட்பதும் அவர் பதில் சொல்லாமல் போவதும் கேட்டது.

மார்த்தா தாள்களை அடுக்கினாள். மிஷினின் மூடியைத் தேடினாள். அது காமாரியாவின் முழங்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"அதக் கொஞ்சம் கொடுங்கக்கா."

"எங்க போற?"

"வேற ஆளப் பாத்துக்கட்டும். நான் தம்பி வீட்டுக்குப் போறேன்."

"ரங்கூன் மெயிலு நாளைக்குக் காலையில. இப்ப எங்கேர்ந்து வேற ஆளு வரும்? கோர்ட்டு வாசல்ல மனு எழுதுற கிழவனா? அவன் இவர செத்துப் போனவருன்னு எழுதிருவான்." காமாரியா மூடியை இன்னும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உக்காரு. தொழுதுட்டு வருவாரு. தொழுதுட்டு வந்தா பாதிக் கோபம் பள்ளியிலேயே இருக்கும்."

"மீதிப் பாதி?"

"அது எனக்குப் பழக்கம். உனக்கும் பழகும்."

பிறகு, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னாள். "நீ சொல்லாம இருந்திருந்தா அவருக்குத் தெரிஞ்சிருக்காது. எனக்கும் தெரிஞ்சிருக்காது."

"தெரியும்."

"பின்ன ஏன் சொன்னே?"

"அந்தக் கடிதத்த எப்படி எழுதுறதுன்னு தெரியல" என்றாள் மார்த்தா. அது முழுக்க உண்மை இல்லை. காமாரியா மேலே கேட்கவில்லை. கீழே போய்க் காப்பி கொண்டுவந்தாள்.

அஸர் தொழுகை முடிந்து அலாவுதீன் வந்தார். மார்த்தா இன்னும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அதில் அவருக்கு ஆச்சரியமா ஆறுதலா என்று தெரியவில்லை.

"தந்தி அடிச்சிரலாமா?" என்று மனைவியிடம் கேட்டார். உடனே தானே தலையை ஆட்டிக்கொண்டார். "தந்தியில எங்க வாப்பாவ எப்படி அடக்குறது."

மார்த்தாவின் பக்கம் திரும்பினார்.

"நான் சொல்றேன். வாயிலேர்ந்து எது வருதோ அது தாள்ல இருக்கணும். ஒரு முடிகூட வெட்டக்கூடாது. சம்மதமா?"

"சம்மதங்க."

அவர் சொல்ல ஆரம்பித்தார். மார்த்தா அடித்தாள். நாகூர் மர்ஹூம் ஷேக் மொய்தீன் மகன். அவர் நிறுத்தி மூச்சுவிட்ட இடத்தில் அவளும் நிறுத்தினாள். அந்த வருஷம், அந்த வீடு, தட்டைச் சுற்றி யார் யார் உட்கார்ந்தார்கள் என்று எல்லாம் சொன்னார். சொன்னதையே மறுபடி சொன்னார். அவள் மறுபடி அடித்தாள். ரங்கூன் மழை வந்தது. பினாங்கு மழை வந்தது. தாள் மாற்றினாள். இவ்வளவு மோசமான ஆங்கிலக் கடிதத்தை அவள் தன் வாழ்நாளில் அடித்ததில்லை. துரை பார்த்தால் நீலப் பென்சிலை ஒடித்திருப்பார்.

"முன்னால வந்த கடுதாசிய எழுதினது ஒரு பொம்பளப் பிள்ளை" என்றார் அலாவுதீன். "எழுதுறியா? பொம்பளப் பிள்ளை. மார்த்தான்னு பேரு. கிறிஸ்தவப் பொண்ணு. நார்தம் ரோட்டுல சமையல் செஞ்ச அந்தோணிராஜோட மகள்."

மார்த்தாவின் கை நின்றது. அப்பாவைப் பற்றி அவள் காமாரியாவிடம் எப்போதோ சொல்லியிருந்தாள். கான்வென்டில் படித்தபோது யாராவது கேட்டால் அப்பா பங்களாவில் வேலை என்பாள். என்ன வேலை என்று சொல்லமாட்டாள். ஆபீசில் ஒருவரும் கேட்டதில்லை.

"என்ன, வெட்டப் பாக்குறியா?"

"இல்லிங்க."

அடித்தாள். அந்தோணிராஜ் என்ற பெயரை எந்தக் கடிதத்திலும் அவள் அதற்கு முன்னால் அடித்ததில்லை.

"நம்ம வழக்கம் தெரியாம ரெண்டு வரிய விட்டுட்டா. அவளே சொன்னா. வேற யாரும் சொல்லிக் கொடுத்து அவ சொல்லல. அதனால அவ மேல வருத்தம் வேணாம். குத்தம் என்னுது. வாசிக்கச் சொல்லிக் கேக்காம கையெழுத்துப் போட்டவன் நான்." அவர் நடந்தார். குரல் ஏறியது. "உங்க மகனும் கேட்டிருக்கலாம். நாற்காலி வாங்கிப் போட்டு உக்காந்ததுலேர்ந்து அவனுக்கு மனுஷன் யாரு, மூட்டை எதுன்னு தெரியல. கழுதைக்குக் கோட்டு மாட்டினாப்ல..."

மார்த்தா அடிக்கவில்லை.

"எழுது."

"முதலாளி, இத மட்டும் வேண்டாம்."

"ஒரு முடிகூட வெட்டாதேன்னேன். சம்மதம்னே."

"சொன்னேன். ஆனா இந்தக் கடிதத்தப் பெரியவருக்கு வாசிச்சுக் காட்டப் போறது யாரு?"

பெரியவருக்கு ஆங்கிலம் தெரியாது.

"கழுதைய அந்தக் கழுதையே வாசிக்கணும்" என்றாள் காமாரியா. "வாசிப்பானா? அந்த எடம் வந்ததும் மொத்தக் கடுதாசியும் குப்பைக்குப் போயிரும் லா. அபாங்கோட வாப்பாவும் கூடப் போவாரு."

கீழே மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது. அலாவுதீன் ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்துவிட்டு வந்தார்.

"சரி. அத வெட்டு" என்றார். "அத மட்டும்."

கடிதம் மறுநாள் கப்பலில் போயிற்று.

அது ரங்கூனுக்குப் போகிறபோதே முதல் கப்பல் புது அரிசியோடு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. அலாவுதீன் துறைமுகத்துக்குப் போய் நின்றார். தொங்கான் படகுகளில் வந்து இறங்கிய மூட்டைகளில் அவருடைய அடையாளம் ஒன்றிலும் இல்லை. பிறையிலிருந்து வந்த கடைக்காரர்கள் இரண்டு பேர் அவரோடு நின்று பார்த்தார்கள். மரியாதையாக ஒன்றும் கேட்காமல் போனார்கள். சாயங்காலமே சீனத் தவுக்கை ஒருவரோடு பேசி முடித்துவிட்டதாகச் சேதி வந்தது. புக்கிட் தெங்கா கடைக்காரர் மட்டும் அடுத்த கப்பல் வரை பார்க்கிறேன் என்றார்.

அந்த வாரம் மார்த்தா வழக்கமான நாளில் போனபோது, எழுத ஒன்றும் இல்லை, சொல்லி அனுப்புகிறேன் என்று கடைப் பையன் கீழேயே சொல்லிவிட்டான். அவள் மிஷினோடு அதே ரிக்‌ஷாவில் திரும்பினாள். அடுத்த முறைக்கும் அழைப்பு வரவில்லை. அமலம்மாள் தகரப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள்.

"எதுக்கும்மா பெட்டி?"

"பூச்சி இருக்கான்னு பாத்தேன்."

மார்த்தா பெர்னார்டுக்கு ஒரு கடிதம் அடிக்க ஆரம்பித்தாள். 'அன்புள்ள தம்பிக்கு' என்பதோடு நின்றுவிட்டது. அவனுடைய கடைசிப் பிள்ளையின் பெயர் நினைவுக்கு வரவில்லை. அவள் அவனுக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் பிள்ளைகளை விசாரித்ததில்லை. தாளை மிஷினிலேயே விட்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் காமாரியா ரிக்‌ஷா அனுப்பினாள். மிஷினோடு வரச் சொல்லியிருந்தாள்.

மாடியில் அலாவுதீன் உறையைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். "நீயே பிரி" என்றார்.

உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று டைப் அடித்தது. மார்த்தா அதைத் தமிழில் சொன்னாள். மூட்டைகள் இரண்டாவது கப்பலில் ஏறிவிட்டன. முழுவதும் ஏற்றியிருக்கிறார்கள். இனிமேல் வருஷா வருஷம் முதல் கப்பல். மகன் கையெழுத்து.

அலாவுதீன் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "எப்ப வருது கப்பல்?"

"இன்னைக்கு வந்திருக்கணுமே."

"இதுல என்ன?" இரண்டாவது தாளை எடுத்தார். அது கையால் எழுதியது. எழுத்துகள் நடுங்கியிருந்தன. பெரிய பெரிய எழுத்துகள், தாளின் இரண்டு பக்கமும். மார்த்தா வாங்கிப் பார்த்தாள். ஆங்கிலம் இல்லை. அலாவுதீன் பார்த்தார். இந்துஸ்தானியும் இல்லை.

"குஜராத்தி" என்றார். "கிழவர் அவரே எழுதியிருக்காரு. இத்தனை வருஷத்துல அவர் கையால வந்ததில்ல. அவங்க ஆபீஸ் முன்ஷிதான் எழுதுவாரு."

காமாரியா எட்டிப் பார்த்தாள். "எறும்பு ஊர்ந்தாப்ல இருக்கு. யாரு வாசிப்பா?"

"நாளைக்கு சூரத்துக்காரன் கடைக்கு அனுப்பி வாசிக்கச் சொல்றேன்." தாளை மடிக்காமல் மேஜைமேல் வைத்து, பறக்காமல் இருக்க அதன்மேல் வெற்றிலைப் பெட்டியை இழுத்து வைத்தார். "மெயிலு இன்னைக்கு. இதுக்குப் பதில் இன்னைக்கே போகணும். எழுது."

"என்ன எழுதியிருக்கார்னே தெரியாம எப்படிங்க பதில் எழுதுறது?"

"வேற என்ன எழுதியிருப்பாரு? விசாரிச்சிருப்பாரு. நீயும் விசாரி."

"நீங்க சொல்லுங்க, அடிக்கிறேன்."

"நான் துறைமுகத்துக்குப் போகணும். மூட்டை இறங்குற நேரம். புக்கிட் தெங்காக்காரன் அங்கதான் நிப்பான்." அவர் தொப்பியை எடுத்து மாட்டினார். படியில் இரண்டடி இறங்கிவிட்டுத் திரும்பினார். "சின்னதா எழுதிராதே. நான் வந்து கையெழுத்துப் போடுறதுக்குள்ள ரெண்டு பக்கம் இருக்கணும்."

அவர் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. மார்த்தா தாளைச் செருகினாள். சலாம் அடித்தாள். முதல் வரி தெரியும், அதை அடித்தாள். அதற்குப் பிறகு மிஷின் பேசாமல் இருந்தது.

"அக்கா, அந்தப் பெரியவருக்கு எத்தனை பேரப்பிள்ளைங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் ரங்கூன் போயிருக்கேனா?"

"அவரு தம்பி ஹஜ்ஜுக்குப் போனாரே, திரும்பி வந்துட்டாரா?"

"அதத்தான் கேளேன்" என்றாள் காமாரியா. "தெரியாததத்தானே கேக்கணும்."

மார்த்தா கேட்டாள். தம்பி ஹஜ்ஜிலிருந்து சுகமாகத் திரும்பினாரா. வழியில் கடல் எப்படி இருந்தது. பிறகு, கை நடுங்கி எழுதியிருக்கிறாரே, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். அடித்ததைப் படித்துப் பார்த்தாள். எதை எடுத்தாலும் கடிதம் நிற்கும் என்று தோன்றியது. ஒன்றையும் எடுக்கவில்லை. ரங்கூனில் மழை நின்றுவிட்டதா என்று அடுத்த வரியைத் தொடங்கினாள்.